போறணைக்குள் போன மண்

ஜனவரி 11, 2024, வியாழன்

மகள் ஷிஹானா பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கிறாள். உடுப்புப் பை ஒன்று, மண் பை நாற்பது. மறிச்சுக்கட்டிக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் ஒரு குகையில் தோண்டியது. கடைசி வருட ஆய்வு. வனஜீவராசிக் கந்தோர் ஒரே ஒரு தடவைதான் உள்ளே விட்டதாம்.

"இதுக்குள்ள என்ன மகள் இருக்கு?"

"பழைய மழை இருக்கு வாப்பா."

பேக்கரிக்காரனுக்கு விளங்கும்படி சொன்னாள். மழை கூடிய காலத்தில் வெளி மண்ணில் காந்தம் இழுக்கும் இரும்புத் துகள் கூடுதலாக உண்டாகுமாம். அந்த மண் காற்றோடும் வெள்ளத்தோடும் குகைக்குள் வந்து படை படையாகப் படியும். ஒவ்வொரு படையிலும் எவ்வளவு காந்தம் என்று மெசினில் அளந்தால், எப்போது மழை, எப்போது வறட்சி என்று சொல்லலாம். ஓ.எல். விஞ்ஞானத்தில் இரண்டு தரம் விழுந்தவன் நான். இது விளங்கியதில் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

ஜனவரி 13, சனி

முன்னறை முழுக்கப் பேப்பர் விரித்து மண் காய்கிறது. காயவில்லை என்பதுதான் உண்மை, வந்த நாளிலிருந்து தூறல். செவ்வாய்க்கிழமை மெசின் அவளுக்கு ஒதுக்கியிருக்கிறது. நடுப் படைகள், பதினேழு முதல் இருபத்து நாலு வரை, இன்னும் பிசுபிசுவென்று கிடக்கின்றன. "வெயில் படக்கூடாது, மெல்லக் காயவேணும்" என்று சொல்லிவிட்டு எருக்கலம்பிட்டிக்குச் சிநேகிதியைப் பார்க்கப் போனாள்.

வெயில்தானே கூடாது. பாண் சுடும் போறணைக்குள் வெயில் ஏது?

பாண் எடுத்த கையோடு எட்டையும் பணிஸ் தட்டுகளில் பரப்பி உள்ளே தள்ளினேன். ஒன்றேகால் மணித்தியாலம். அருமையாகக் காய்ந்தது. ஓர் இலக்கம்கூட மாறாமல் திரும்ப வைத்தேன். பிள்ளைக்கு இப்படி ஒரு தகப்பன் கிடைக்க வேண்டுமே.

ஜனவரி 14

"வாப்பா, இந்த எட்டும் ஏன் சிவந்து கிடக்கு? நீங்க ஏதும் செய்தனீங்களா?"

"காத்துக்குக் காஞ்சிருக்கும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் முந்திவிட்டது. சரி, சின்ன விஷயம்தானே. காய்ந்த மண் காய்ந்த மண்தான்.

பெப்ரவரி 6, செவ்வாய்

பாண் மா குழைத்துக்கொண்டு நிற்கும்போது ஷிஹானாவின் போன்.

"வாப்பா, நடுப் படையளில காந்தம் அப்பிடியே ஏறி நிக்குது. பெரிய மழைக்காலம் ஒண்டு இருந்திருக்க வேணும் எண்டு என்ர ஆய்வைப் பாக்கிற சுபத்திரா மிஸ் சொல்றா. இருபத்தி நாலாந் திகதி ஆய்வுக் கூட்டத்தில நான் அதைப் பற்றிப் பேசப் போறன்."

எந்தப் படை என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன். பதினேழு முதல் இருபத்து நாலு.

"சூடு கிடு பட்டாலும் அப்பிடி ஏறுமா மகள்?"

"நெருப்புப் பட்டா ஏறும். குகைக்குள்ள ஆர் வாப்பா நெருப்பு மூட்டினது?" என்று சிரித்தாள்.

மாஷா அல்லாஹ் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு மாவு மூட்டைமேல் இருந்தேன். ஒன்றேகால் மணித்தியாலத்தில், நாலு கட்டை விறகில், மன்னாருக்கு ஒரு மழைக்காலம் செய்து கொடுத்திருக்கிறேன். அதை என் பிள்ளை சபையில் எழும்பி நின்று சொல்லப் போகிறாள்.

பெப்ரவரி 7

றாபியாவிடம் சொன்னேன். "மண்ணுக்கும் பாணுக்கும் வித்தியாசம் தெரியாத மனிசனோட முப்பது வருசம் குடும்பம் நடத்தியிருக்கன்" என்றாள். பிறகு, "போனில சொல்லாதேங்கோ. நேர போங்கோ" என்றாள்.

பெப்ரவரி 8, வியாழன்

பேக்கரியைப் பூட்டிவிட்டு யாழ்ப்பாண பஸ் ஏறினேன். வழி முழுக்க ஒத்திகை பார்த்த பேச்சு, அவளைக் கண்டதும் போய்விட்டது.

"அந்த மழைக்காலம் நான்தான் மகள். போறணைக்குள்ள வச்சனான்."

அழுவாள் என்று நினைத்தேன். கொப்பியை எடுத்தாள்.

"எவ்வளவு சூடு?"

"பாண் எடுத்த உடனே. இருநூற்றைம்பது இருக்கும்."

"எவ்வளவு நேரம்?"

எல்லாவற்றையும் எழுதினாள். எழுதி முடித்துத்தான் நிமிர்ந்தாள். "கேட்டனான்தானே வாப்பா? அண்டைக்கே கேட்டனான்தானே?"

மண்ணைச் சுட்டதை அவள் பொறுத்துவிடுவாள். மற்றதைத்தான் கேட்கிறாள்.

"பஸ்ஸுக்கு நேரமாகுது, வெளிக்கிடுங்கோ" என்றாள்.

இதை நான்தான் சரிக்கட்ட வேண்டும். திரும்பத் தோண்ட அனுமதி எடுக்காமல் விடமாட்டேன்.

பெப்ரவரி 13

மிஸ்ஸின் கடிதத்தோடு வனஜீவராசிக் கந்தோருக்கு இரண்டாம் நாளும் போனேன். பணிஸ் கொண்டுபோகவில்லை, லஞ்சம் என்று நினைப்பார்கள். பெரியவர் கடிதத்தைப் பார்த்தார்.

"போன மாதம்தானே மண் எடுத்தது?"

"எடுத்தது சேர். நான் சுட்டுப்போட்டன்."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை! நாளைக்கு வரச் சொன்னார்.

பெப்ரவரி 19

ஐந்தாம் தரம். கையெழுத்து விழுந்தது. ஒரு நாள் மட்டும், எட்டுப் பை மட்டும்.

பெப்ரவரி 24

இன்று அந்தக் கூட்டம். ஷிஹானா பேசவில்லை.

மார்ச் 1, வெள்ளி

விடிய வெளிக்கிட்டுப் பாண் ஓட்டோவில் அவளையும் கந்தோர்ப் பொடியனையும் ஏற்றிக்கொண்டு போனேன். குகை வாசலில் என்னை இருத்திவிட்டாள். திரும்பும்போது எட்டுப் பையையும் மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் தட்டுகள் காலியாகத்தான் கிடந்தன.

மார்ச் 3, ஞாயிறு

முன்னறையில் எட்டுப் பேப்பரில் மண். றாபியா கலியாண வீட்டுக்குப் போய்விட்டாள். மத்தியானம் ஷிஹானாவும் மன்னாருக்கு வெளிக்கிட்டாள். படியில் நின்று கொஞ்சம் யோசித்தாள்.

"மழை வந்தா யன்னலைச் சாத்துங்கோ வாப்பா."

"வேற?"

"வேற ஒண்டும் செய்யாதேங்கோ."

மூன்றரைக்குத் தூறியது. சாத்தினேன். பிறகு கதிரையை அறை வாசலில் போட்டு, கையிரண்டையும் கட்டிக்கொண்டு, அவள் வரும்வரை அப்படியே இருந்தேன்.