மூன்று தடவை தாங்கும் வினையூக்கி

14 ஆகஸ்ட் 2007, செவ்வாய்

படுத்தும் தூக்கம் வரவில்லை. என் ஆய்வு உதவியாளர் வாசுகி இன்று சொன்ன பதில்தான் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு வருடமாக அவளும் நானும் தட்டாஞ்சாவடி ஷெட்டில் காய்ந்த புல்லைக் காற்றுப் படாமல் சூடாக்கி எரிபொருள் எண்ணெய் எடுக்கிறோம். முதலில் வந்த எண்ணெய் புளித்த வாடை அடித்தது, சில நாளில் தார்போல இறுகியது. புல்லின் ஆவியை வெள்ளைக் குருணையான வினையூக்கி வழியாக விட்டுப் பார்க்கலாம் என்றது வாசுகிதான். எண்ணெய் தெளிந்து வந்தது. இன்றுவரை இறுகவில்லை.

எங்கள் ஆய்வுத் திட்டத்தை நீட்டிக்கலாமா என்று பார்க்க, இதற்குப் பணம் தரும் குழு இன்று வந்தது. பாட்டிலைச் சாய்த்துப் பார்த்த தலைவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஒரு தடவ போட்ட குருணை எவ்ளோ நாளைக்குத் தாங்கும்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வாசுகி முந்திக்கொண்டாள். "மூணு தடவதான் சார். அப்புறம் கரி படிஞ்சிடுது. அத எரிச்சு எடுத்தாலும் பழைய வேகம் இல்ல. ஏன்னு இன்னும் தெரியல." கறுத்துப்போன குருணையையும் மேசையில் வைத்தாள்.

தலைவரின் சிரிப்பு நின்றது. ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

சாயங்காலம் அவளைக் கருவடிக்குப்பத்தில் இறக்கிவிட்டபோது, "கொஞ்சம் பூசி மெழுகியிருக்கலாமேம்மா" என்றேன்.

"நம்பி ஒருத்தர் மெஷின் போட்டா, நாலாவது தடவ நின்னுடுமே சார்" என்றாள்.

நீட்டிப்பு கிடைக்காவிட்டால் முதலில் போவது அவள் வேலை. அது தெரிந்துதான் சொன்னாள். என்னை விட்டிருந்தால் பத்துத் தடவை என்றிருப்பேன்.