மெஷின் போக வேண்டிய அறை

ஜமுனாமரத்தூர்
9-3-1986

அன்பு மகன் ராஜவேலுவுக்கு அம்மா மாணிக்கம்மாள் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் இந்தக் கோபத்திலும் சாமியைக் கேட்கிறேன். புளி உலுக்கி முடிந்தது, இந்த வருஷம் காய்ப்பு குறைவு. உன் தங்கை பாஞ்சாலியின் வீட்டுக்காரர் தங்கவேல் லீவில் வந்து பத்து நாளாகிறது, வந்ததிலிருந்து பெற்ற குழந்தையைத் தூக்கவே மாட்டேன் என்றார். பாஞ்சாலி அழுது கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். "அந்த மெஷினு தீபாவளிக்கு முன்னாடியே கெட்டுப்போச்சி அத்தை, நாங்கதான் உள்ள போயி தொடைக்கிறோம், அது கொழந்தைக்கும் ஒட்டிக்குமோன்னு பயமா இருக்குது" என்றார். அணுக்கழிவு சிந்திய அறைக்குள் மெஷின்தான் போகும், நாங்கள் கனத்த சுவருக்கு இந்தப் பக்கம் டிவியில் பார்த்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்புவோம், மனுஷர் யாரும் உள்ளே போவதில்லை என்று நீ எழுதினாயே, அதை நம்பித்தான் மாப்பிள்ளையை உன்கூட வேலைக்கு அனுப்பச் சொல்லி, ஒன்றும் ஆகாது என்று பாஞ்சாலிக்கு நான் வாக்குக் கொடுத்தேன்.

மெஷின் கெட்டது உன் குற்றமில்லை. ஆனால் உள்ளே போகிறவர் பெயரை எழுதுகிறவன் நீதானாமே. கதிர் எவ்வளவு பட்டது என்று காட்டும் பட்டையைச் சட்டையிலிருந்து கழற்றி வெளியே வைத்துவிட்டுப் போகச் சொன்னதும் நீதானாமே. அளவு ஏறினால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்றாயாம், "வூட்ல சொல்லாத மாப்ள" என்று வேறு சொன்னாயாம். கூடப் பிறந்தவள் புருஷன் என்று கூடவா உனக்குத் தோன்றவில்லை? பாஞ்சாலி என்னைப் பார்த்து, "உனுக்கும் தெரியுமாம்மா?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளையை வேலூருக்குக் கூட்டிப்போய் ரத்தம் சோதித்தோம். இப்போதைக்குக் கெடுதல் தெரியவில்லை, ஆறு மாசம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள், குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் தூக்கினார், நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். அவர் இனி அங்கே வரமாட்டார். அன்றைக்கு வேலூரிலிருந்து திரும்பும் வழியில், போளூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான், "மச்சான்தான் மொதல்ல உள்ள போனாரு அத்தை, ஆறேழு தபா போயிருப்பாரு" என்றார். அதைக் கேட்ட பிறகு உன்னை முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

மற்ற ஆட்களுக்கும் வீட்டில் அம்மா இருப்பாள், பட்டையைக் கழற்றாமல் போகச் சொல், வேலை போனால் போகட்டும். நீயும் ரத்தம் சோதித்துக்கொள். நூறு வயசு நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை, மகன் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீயே வந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
மாணிக்கம்மாள்