இரும்புக் கூரை, துணிக் கூரை

ஜூன் 16, திங்கள்

கண்ணாடி மாற்றலாம் என்று தில்லை நகரில் கண் டாக்டரிடம் போனேன். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் புள்ளியே வரவில்லை. மெஷின் ரிப்பேர் போலிருக்கிறது, சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது என்று குத்துமதிப்பாக அழுத்திக்கொண்டிருந்தேன். அந்த மெஷின் அதையும் எண்ணுமாம். இல்லாத புள்ளிக்குப் பதினொரு தடவை அழுத்தியிருக்கிறேன் என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டது.

கிளாக்கோமா. இடது பக்கப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து.

"தமிழ்மணி சார், முடிஞ்சா இப்பவே டிரைவர் வெச்சுக்கங்க. டிசம்பர்ல மறுபடி டெஸ்ட் எடுப்போம். அப்ப நிறுத்துங்கன்னுதான் சொல்லுவேன்" என்றார்.

முடிஞ்சா என்றுதானே சொன்னார். அனுசுயாவிடம் பவர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று சொன்னேன். சரி என்று சாம்பாரை ஊற்றினாள்.

ஜூன் 17, செவ்வாய்

சொட்டு மருந்தை ஒர்க்‌ஷாப் மேஜை டிராயரில், வெல்டிங் ராடு பாக்கெட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

முப்பத்து மூன்று வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். யோசித்துப் பார்த்தால் நான் ஓட்டிய எல்லா வண்டியிலும் பின்னால் சரக்கு இருந்தது. டெம்போவில் பைப். வேனில் ஆங்கிள். காரில்கூட டிக்கியில் கேஸ் கட்டிங் செட். அரியமங்கலத்தில் ஒர்க்‌ஷாப் வைத்தவனுக்கு வேறென்ன இருக்கும்.

டிசம்பர் வரை ஓட்டலாம் என்றால், பின்னால் எதுவுமே ஏற்ற முடியாத வண்டியை ஓட்ட வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார்.

அனுசுயாவிடம் சொன்னேன். கண் விஷயத்தை அல்ல, காரை.

"ரெண்டே சீட்டா? மிச்சப் பேரு எங்க உக்காருவாங்க?"

மிச்சப் பேர் யார் என்று இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தோம். மகள் பெங்களூரில் இருக்கிறாள். ஸ்ரீரங்கத்து வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அம்பத்தேழு வயசுல ஏன் இந்த வேலை என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பிரவீன்ராஜ் பழைய கார்களை வாங்கி விற்கிறவர். அவர் ஷெட்டில் இரண்டு வண்டி நிற்கிறது. ஒரே கம்பெனி, ஒரே எஞ்சின், இரண்டும் இரண்டு சீட்டு. ஒன்று கூப்பே, இரும்புக் கூரை. இன்னொன்று கன்வெர்ட்டிபிள், துணிக் கூரை. பட்டனை அழுத்தினால் மடிந்து பின்னால் போய்விடுகிறது.

கூப்பேயின் கூரையைத் தட்டிப் பார்த்தேன். தகடு நன்றாக வளைத்திருக்கிறார்கள். ஒரு ஜாயிண்ட்கூடத் தெரியவில்லை. இன்னொன்றையும் தட்டினேன். சத்தம் வரவில்லை. இரும்பு அடித்துச் சாப்பிடுகிறவன் துணியை நம்பி எப்படிக் கையெழுத்துப் போடுவது?

எதுவானாலும் ஆடி பிறப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்கிறாள் அனுசுயா. ஆடி ஜூலை பதினேழு. நான் எடுக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் சொல்கிறாள்.

ஜூன் 29, ஞாயிறு

கூப்பேயைத் துவாக்குடி வரை ஓட்டிப் பார்த்தேன். பிரவீன்ராஜ் பக்கத்தில். தஞ்சாவூர் ரோட்டில் லேசாகத்தான் மிதித்தேன், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. சந்தோஷமாக இருந்தது. அதை வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

திரும்பும்போது இடது பக்கத்திலிருந்து ஒரு டூவீலர். முன்னால் வாழை இலைக் கட்டு, பின்னால் ஒரு குழந்தை. பிரவீன்ராஜ் கத்தியபிறகுதான் பிரேக் போட்டேன். அந்த ஆள் இறங்கி வந்து, "பெரியவரே, கண்ணை எங்க வெச்சிருக்கீங்க?" என்றார். நியாயமான கேள்வி.

பிரவீன்ராஜ், "பிரேக் சூப்பரா புடிக்குது பாத்தீங்களா சார்" என்றார்.

குழந்தை பச்சைச் சட்டை. என்னைப் பார்த்துச் சிரித்தது. 

ஜூலை 2, புதன்

வண்டி வேண்டாம் என்று நேற்று முடிவு செய்தேன். இன்று மறுபடி கூப்பேதான் என்று இருக்கிறேன். காலையில் மட்டும் ஓட்டுவது. மெதுவாக ஓட்டுவது. இடது பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. — அந்தக் குழந்தை விஷயத்தில் தலையைத் திருப்பினேனா? ஞாபகமில்லை.

துணிக் கூரை நம் ஊருக்கு ஆகாது. வெயில். காக்கை. அரியமங்கலம் குப்பைக் கிடங்கைத் தாண்டும்போது கூரையைத் திறந்து வைத்திருக்கிறவனைப் பைத்தியம் என்பார்கள். கூப்பே பார்க்க லட்சணம். ஆனால் உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு அது தெரியாது, ரோட்டில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். இதை ஏன் யாரும் முன்பே சொல்வதில்லை?

அனுசுயா துணிக் கூரை வண்டிக்குக் குடை என்று பெயர் வைத்துவிட்டாள். "கூப்பேயா, குடையா?" என்று காபி கொடுக்கும்போதெல்லாம் கேட்கிறாள்.

ஜூலை 4, வெள்ளி

இரண்டையும் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பிரவீன்ராஜ் இன்று கூப்பேயைக் கொண்டுவந்தார்.

எங்கள் ஃபோர்மேன் மூக்கன் இருபது வருஷமாக என்னிடம் இருக்கிறார். கேட்டுக்குள் எது வந்தாலும் திருஷ்டி சுற்றிவிடுவார். லேத் வந்தபோது சுற்றினார். வாடகை ஜெனரேட்டருக்குச் சுற்றினார். போன வருஷம் குடிதண்ணீர் மெஷினுக்கும் சுற்றினார். இன்று பூசணிக்காயைக் கூப்பேயின் கூரையில் வைத்து, மேலே சூடம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி உடைத்தார்.

"மூக்கன், இன்னும் வாங்கவே இல்லையே."

"கண்ணு படறதுக்கு வாங்கணும்னு இல்லைங்க மொதலாளி."

நாளைக்குத் துணிக் கூரை வருகிறது. அனுசுயாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 5, சனி

எழுத உட்கார்ந்து அரை மணி ஆகிறது.

பதினொரு மணிக்கு வண்டி வந்தது. அனுசுயா ஆட்டோவில் வந்தாள். நான் வண்டியை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். வண்டி என் இடது கைப் பக்கம். எதிரே பிரவீன்ராஜ் நின்று, கூரை திறக்க எத்தனை செகண்ட் ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அனுசுயா ஏதோ கேட்டு அவரைத் தன் பக்கம் திரும்பவைத்தாள். அந்த நேரத்தில் மூக்கன் பூசணிக்காயைக் கொண்டுவந்து கூரையில் வைத்திருக்கிறார். நேற்றைவிட விலை கூடின வண்டி என்று யாரோ சொன்னார்களாம், அதனால் சூடமும் கூட. இரும்பில் நின்ற காய் துணியில் சாய்ந்துவிட்டது. எரிகிற சூடம் கூரையில் கொட்டிவிட்டது.

எல்லோரும் கத்தினார்கள். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எப்போதும் யாராவது கத்திக்கொண்டுதான் இருப்பார்கள். நான் அதே இடத்தில் நின்று, "பதினஞ்சு செகண்டா, பதினெட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அனுசுயா என்னைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் திரும்பினேன். தீ இவ்வளவு உயரம். என் இடது கை முடி பொசுங்கியிருந்தது. மூக்கன் மணல் வாளியைக் கவிழ்த்தார். தீ அணைந்தது. கூரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை. சீட்டெல்லாம் மணல்.

என்னை ஆட்டோவில் ஏற்றினாள். ஆட்டோ பாலக்கரை தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"நெருப்பு எரிஞ்சுது. உங்க தோளுக்குப் பக்கத்துல. நீங்க செகண்டு கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க."

"கவனிக்கல அனு."

"கவனிக்கலையா, தெரியலையா?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். டிராயர், சொட்டு மருந்து, டிசம்பர், பச்சைச் சட்டைக் குழந்தை. பாலத்தில் ஆட்டோ நின்றுவிட்டது, டிராஃபிக். அவள் அழவில்லை. காவேரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருஷம் கூட இருக்கேன், ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல இல்ல — அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு ஏன் தோணல? என்ன மனுஷன்டா நீ.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, இடது பக்கம் நின்று, "எத்தனை விரல்?" என்றாள். மூன்று என்றேன். கையையே தூக்கவில்லையாம்.

எல்லாச் சாவியும் அவள் கைப்பையில் இருக்கிறது. ஒர்க்‌ஷாப் வேனின் சாவியும் சேர்த்து. சொட்டு மருந்து டிராயரிலிருந்து பூஜை அலமாரிக்கு வந்துவிட்டது. காலை, ராத்திரி அவளே விடுகிறாள். ராத்திரி கொஞ்சம் வேகமாக விடுகிறாள்.

ஜூலை 9, புதன்

பிரவீன்ராஜ் மரியாதையான மனிதர். "சார், கூப்பே வேணும்னா கூப்பே எடுத்துக்கங்க. ஆனா ஓட்டை போட்டதை நான் யார்கிட்ட விக்கறது?" என்றார். மூன்று வாரமாக நான் எடுக்க முடியாத முடிவை ஒரு பூசணிக்காய் எடுத்துவிட்டது.

ஓட்டுகிறவனே இல்லாதபோது வண்டி எதற்கு, பணத்தைக் கொடுத்துவிட்டு அவர் ஷெட்டிலேயே விட்டுவிடலாம் என்று அனுசுயாவிடம் சொன்னேன். உள்ளே போய் ஒரு கவரை எடுத்துவந்தாள். அவளுடைய லைசென்ஸ். போன வருஷம்தான் புதுப்பித்திருக்கிறாள்.

கல்யாணமான புதிதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து வாங்கியது. வாங்கிய வாரம் கொள்ளிடக் கரையில் அவளை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிளட்ச்சைப் பார், ரோட்டைப் பார் என்று கத்தினேன். கடைசியில் உனக்கெல்லாம் இது வராது, இறங்கு என்றேன். இறங்கினாள். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

"அப்புறம் எதுக்குப் புதுப்பிச்ச?"

"சும்மாதான். இருந்துட்டுப் போகட்டுமே."

"கூப்பே வேணும்னா அதையே எடுத்துக்கலாம் அனு. நீ ஓட்டறதா இருந்தா உனக்குப் புடிச்சது."

"கூப்பேக்குள்ள உக்காந்தா நீங்க எதைப் பாப்பீங்க? முன்னாடி ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். அந்தக் கண்ணாடியும் எத்தனை நாளைக்கோ. இதுல பாக்கவே வேணாம். காத்து வரும்."

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். சொட்டு மருந்து எரிகிறது என்று சொன்னேன். அது காலையில் விட்டது.

ஜூலை 15, செவ்வாய்

பாலக்கரையில் ஆட்டோவுக்கு ஹூட் தைக்கிற காத்தானிடம் கூரையைக் கொடுத்திருந்தோம். கறுப்புத் துணியில் சதுரமாக ஒட்டுப் போட்டு, சுற்றிலும் மஞ்சள் பட்டி வைத்துத் தைத்திருக்கிறார். ஏன் மஞ்சள் என்று கேட்டேன். "கை அதுக்குத்தான் போகுது சார்" என்றார்.

நாளைக்கு வண்டி வீட்டுக்கு வருகிறது. ஆடிக்கு ஒரு நாள் முன்னால். திருஷ்டி வேண்டாம் என்று அனுசுயா மூக்கனிடம் சொல்லிவிட்டாள். பட்டதே போதும் என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நான்காவது வாரமாகக் கொள்ளிடக் கரையில் ஓட்டிப் பழகுகிறாள். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். மணிக்கு இருநூற்றைம்பது போகிற வண்டியை இருபதில் ஓட்டுகிறாள். ஒரு வைக்கோல் வண்டி எங்களை முந்திப் போனது. நான் வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

கேட்டுத் தூணில் வண்டியை உரசிவிட்டாள். இடது பக்கம்தான். எனக்குத் தெரியாது.

அக்டோபர் 27, திங்கள்

மழை. கூரை மூடியிருந்தது. ஒட்டுப் போட்ட இடம் ஒழுகவில்லை. கூரையின் மீதிப் பக்கம் ஒழுகுகிறது.

டிசம்பர் 15, திங்கள்

மறுபடி அந்தப் பெட்டி. இந்தத் தடவை தெரிந்தால் மட்டும் அழுத்தினேன். பெரும்பாலான நேரம் பொத்தானைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. இல்லாத புள்ளிக்கு அழுத்தியது பூஜ்யம் என்று மெஷின் கொடுத்தது.

"இடது பக்கம் அப்படியேதான் இருக்கு, மோசமாகல. ஆனா ஓட்டறதை நிறுத்திடணும்" என்றார் டாக்டர்.

"ஜூலையிலேயே நிறுத்திட்டார் டாக்டர்" என்றாள் அனுசுயா. கைப்பையிலிருந்து சாவிகள் சத்தம் போட்டன.

டிசம்பர் 17, புதன்

இன்று முதல் தடவையாக அனுசுயா என்னை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனாள். மார்கழிப் பனி. கூரையைத் திறந்தாள். எனக்கு மப்ளர், அவளுக்கு என் பழைய குரங்குக் குல்லா. இப்படி ஒரு வண்டியில் இப்படி இரண்டு பேரை அம்மா மண்டபம் ரோடு பார்த்திருக்காது.

பாலம் ஏறியதும் காற்று மாறியது. கண்ணை மூடிக்கொண்டேன். ஈரக் காற்று, கொஞ்சம் பாசி வாசனையோடு. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. நாற்பதில் போய்க்கொண்டிருந்தாள். 

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே ஆரம்பித்தாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இடது பக்கம் ஒருத்தர் சைக்கிள்ல போறார். கேரியர்ல பால் கேனு. அவருக்கு முன்னாடி ரெண்டு பொண்ணுங்க, ஸ்கூல் பை. ஒண்ணு நம்ம வண்டியப் பாத்துட்டு இன்னொண்ண இடிக்குது. ஆத்துல தண்ணி கம்மி, நடுவுல மணல்."

"ம்."

"மலைக்கோட்டை வருது. அங்கேயேதான் இருக்கு."

சரி என்றேன். ஒர்க்‌ஷாப் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.