லயல் வாங்கிய சுவர்க்கோழிகள்

நவம்பர் 4

அன்புள்ள அம்மா,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறேன். சிறைக் காவல்கார அம்மாள் ஒருத்தி, "உக்காரும்மா, இங்க பஸ் எதுவும் வராது" என்கிறாள்.

கொட்டகையில் இருக்கும் சுவர்க்கோழிகளை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். உனக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது, தெரியும். ஆனால் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டே, பல்லி, ஓணான் வளர்ப்பவர்களுக்குத் தீனியாக விற்று நான் வளர்த்த சிறு தொழில் அது. பேருந்து வேலை போய்விட்டது, இனி எந்தப் பள்ளியும் என்னைச் சேர்க்காது. எனக்கென்று மிச்சம் இருப்பது அந்தப் பூச்சிகள்தான்.

கிண்ணத்தில் தண்ணீர் வைக்காதே, விழுந்து செத்துப்போகும். கேரட் துண்டு போதும். தீவனத்துக்குக் கோழித் தீவனத்தையே பொடித்துப் போடு. முட்டையிட ஈரத் தேங்காய் நார்த் தட்டு வை. விளக்குச் சூடு குறையக் கூடாது. எறும்பு உள்ளே நுழைந்தால் எல்லாம் போச்சு, பெட்டிகளின் கால்களை எண்ணெயில் நிறுத்து.

யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், வடக்கே சுரங்க முகாமில் சமையல் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்.

உன்,
கெரின்

---

நார்தாம்,
நவம்பர் 19

அன்பு மகள் கெரினுக்கு,

சுரங்கத்தில் சமைக்கிறாய் என்று சொன்னேன். உன் சமையலைத் தெரிந்தவர்கள் யாரும் நம்பவில்லை. அதோடு பத்திரிகையில் உன் படத்தையே போட்டிருக்கிறார்கள். பிடிக்கவே கூடாதென்று சட்டம் காக்கும் பல்லிகளை உயிரோடு காலுறையில் சுருட்டி வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பியவள் என்று கீழே எழுதியிருக்கிறது. யாருக்காக அனுப்பினாய் என்று நீதிமன்றத்திலும் நீ சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. போகட்டும்.

முதல் நாள் பெட்டியைத் திறந்ததுமே ஒன்று என் சட்டைக் கைக்குள் புகுந்துவிட்டது. கத்திக்கொண்டு முற்றத்தைச் சுற்றினேன். பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "என்ன மெர்ல், இந்த வயசுல டான்ஸா?" என்கிறான். "பூச்சிடா, பூச்சி!" என்றேன். "புருஷன் போனப்பக்கூட இப்படிக் கத்தலையே நீ" என்றான். ஒரு கேரட்டை அவன் மேல் எறிந்தேன்.

இப்போது பழகிவிட்டது. போன வாரம் நார்த் தட்டிலிருந்து குஞ்சுகள் கடுகைவிடச் சின்னதாய்ப் புறப்பட்டு வந்தன. மூடியைத் தூக்கியபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவில் அவை போடும் சத்தத்தில்தான் தூக்கம் வருவதில்லை. எழுந்து எழுந்து நடக்கிறேன். சத்தம் ஒரு சாக்கு, வேறென்ன.

வியாபாரம் நன்றாகவே போகிறது. செல்லப்பிராணிக் கடைக்காரர் வாராவாரம் எடுக்கிறார். ஓணான் வளர்க்கும் அந்த டீச்சரம்மாவும் வருகிறாள். மின்கட்டணம் போகக் கையில் நிற்கிறது. புதிதாக லயல் என்று ஒருவன். "நான் கெரினோட சிநேகிதன், மெர்லம்மா" என்று வாய் நிறையப் பேசுகிறான். மற்ற எல்லோரும் சேர்ந்து வாங்கும் அளவை அவன் ஒருவனே வாங்குகிறான். வீட்டில் இரண்டே ஓணான்தான் இருக்கிறதாம். யார் இவன்?

சாப்பிடு. உட்கார்ந்து சாப்பிடு.

அன்புடன்,
அம்மா

---

டிசம்பர் 3

அம்மா,

நீ பூச்சி வளர்ப்பதை இங்கே எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன். அந்தக் கேரட் டெஸ்மண்டின் தலையில் பட்டதா?

லயல் கேட்பதைக் கொடு. காரணம் கேட்காதே. நல்ல வாடிக்கையாளரைக் கேள்வி கேட்டு விரட்டாதே.

விளக்கைப் பார்த்துக்கொள்.

கெரின்

---

நார்தாம்,
டிசம்பர் 21

அன்புள்ள கெரின்,

விசாரிக்காதே என்று எழுதிவிட்டாய். எழுதாமல் இருந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன்.

வண்டி கெட்டுப்போனது, பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று லயல் போன் செய்தான். இந்த டிசம்பர்க் கோடையில் அன்றைக்கு வெயில் நாற்பத்திரண்டு டிகிரி, கூடவே பாலைவனத்திலிருந்து அனலாய் அடிக்கும் கிழக்குக் காற்று. போய்த் தட்டினேன், யாரும் வரவில்லை. வாசலில் வைத்தால் பூச்சிகள் வெந்துவிடும். பின்பக்கக் கொட்டகையில் ஏசி ஓடும் சத்தம் கேட்டது. உள்ளே வைக்கலாம் என்று கதவைத் தள்ளினேன்.

சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டு முழுக்கப் பெட்டிகள், பெட்டி முழுக்கப் பல்லிகள். வால் நுனியில் குமிழ் வைத்த, பெரிய கண்ணுள்ள நம்மூர்ப் பல்லிகள். மேசையில் குழந்தைகளின் காலுறைகள் குவியலாகக் கிடந்தன. எல்லாம் புதுசு. நான் வளர்த்த பூச்சிகள் யார் வயிற்றுக்குப் போகின்றன என்று அப்போதுதான் தெரிந்தது.

பின்னாலேயே வந்து நின்றான். "யாரு உங்கள உள்ள வரச் சொன்னது?"

"வெயில்ல பூச்சி செத்துருமேன்னு வச்சேன்."

கொஞ்சம் முறைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "பயப்படாதீங்க மெர்லம்மா. கெரின் ரொம்ப நல்ல பொண்ணு, வாயே தொறக்கல. அவ வெளிய வந்ததும் அவளுக்கு இங்க வேலை காத்திருக்கு."

வண்டியை வீட்டுக்கு எப்படி ஓட்டிவந்தேன் என்று தெரியவில்லை. அவனுக்காகத்தான் நீ உள்ளே இருக்கிறாயா, கெரின்? ஆமாம் என்றோ இல்லை என்றோ எழுது.

அம்மா

---

டிசம்பர் 29

அம்மா,

உனக்குப் புத்தி இருக்கிறதா? இங்கே கடிதங்களைத் திறந்து படித்த பிறகுதான் எங்களிடம் தருவார்கள். இனி எதுவும் எழுதாதே. நேரில் வா. வரும்வரை யாரிடமும் பேசாதே, டெஸ்மண்டிடம்கூட. நான் மறுபடியும் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.

கெரின்

---

நார்தாம்,
ஜனவரி 24

அன்பு மகளே,

உன்னைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து இந்தக் கடிதத்தை எத்தனையோ முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன்.

எவ்வளவு மெலிந்துவிட்டாய். மேசைக்கு அடியில் உன் கால் ஆடிக்கொண்டே இருந்தது. "ஆமாம்மா, அவன்தான். இப்ப என்னாங்கிற? நான் வெளிய வந்தா எனக்கு யாரு வேலை குடுப்பா, நீயா? அவன் ஒருத்தன்தான் குடுப்பான்" என்றாய்.

"திரும்ப உள்ள வர்றதுக்கா வேலை?" என்றேன்.

"இந்தத் தடவ மாட்ட மாட்டேன்" என்றாய்.

அந்த ஒரு வார்த்தையை நீ சொல்லாமல் இருந்திருக்கலாம். மாட்டிக்கொண்டதுதான் தப்பு என்று இன்னும் நினைக்கிறாய். பத்திரிகையில் உன் படத்தைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

வனவிலங்குத் துறைக்காரர்களிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கடிதத்தைத் திறந்து படிக்கிறவர்கள் படிக்கட்டும், இனி அதில் மறைக்க எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை லயல் வீட்டுக்குப் போனார்கள். என்னையும் கூட வரச் சொன்னார்கள். பொட்டலம் கட்டித் தயாராக வைத்திருந்த பல்லிகளில் பாதிக்கு மேல் உயிர் இல்லை. ஒரு பெண் அதிகாரி ஒவ்வொரு காலுறையாகப் பிரித்து மேசையில் வரிசையாக வைத்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவனை வண்டியில் ஏற்றும்போது என்னைப் பார்த்து, "உன் பொண்ணு வாழ்க்கையில நீயே மண்ணள்ளிப் போட்டுட்ட" என்றான். ராத்திரியெல்லாம் அதுதான் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோபப்படு, திட்டு. ஆனால் எழுது.

அம்மா

---

பிப்ரவரி 16

அம்மா,

இரண்டு நாள் என்னை உட்காரவைத்து விசாரித்தார்கள். உனக்குச் சந்தோஷமாக இருக்கும், கடைசியில் உட்கார்ந்துவிட்டேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். மறைப்பதற்குத்தான் நீ எதையும் விட்டுவைக்கவில்லையே. விடுதலை தேதி மாறவில்லை, மார்ச் முதல் வாரம்தான்.

நீ செய்தது சரி என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் காவல்கார அம்மாள்கூடச் சொல்கிறாள். அதனால்தான் உன்னைப் பார்க்க என்னால் முடியாது. சரியான ஒருத்தியோடு ஒரே வீட்டில் காலையும் மாலையும் எப்படி உட்கார்ந்து தேநீர் குடிப்பது?

வெளியே வந்ததும் ஆல்பனியில் நோரீன் சித்தி வீட்டுக்குப் போகிறேன். அந்த முகவரியைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சிறை வாசலில் வந்து நிற்காதே. பேருந்தில் போய்க்கொள்வேன்.

பூச்சிகளை என்ன செய்வாயோ செய். விற்றுவிடு, இல்லை கோழிக்குப் போடு.

கெரின்

---

நார்தாம்,
மார்ச் 12

அன்புள்ள கெரின்,

இதை நோரீன் வீட்டுக்கு அனுப்புகிறேன். இந்நேரம் நீ அங்கே வந்திருப்பாய். வாசலில் வந்து நிற்காதே என்றாய், வரவில்லை. நீ வெளியே வந்த அன்றைக்கு முழுக்க வீட்டைக் கூட்டிக்கொண்டே இருந்தேன். கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினேன். டெஸ்மண்ட் வந்து துடைப்பத்தைப் பிடுங்கிவைத்து, "தரை தேஞ்சிரும் மெர்ல்" என்றான்.

லயல் போனதோடு பாதி வியாபாரம் போய்விட்டது. செய்தி வந்த வாரம் கடைக்காரரும் வரவில்லை. அடுத்த வாரம் வந்தார், ஒன்றும் கேட்கவில்லை, எப்போதும்போல் எடுத்துக்கொண்டார். டீச்சரம்மா தன் ஓணானையே தோளில் வைத்துக் கூட்டி வந்து எனக்குக் காட்டினாள். "இது ஒண்ணுதான் இருக்கு, நம்புங்க" என்றாள். இருவரும் சிரித்தோம், பிறகு நான் உள்ளே போய் அழுதேன்.

பூச்சிகளை விற்கவில்லை, கோழிக்கும் போடவில்லை. அவை உன்னுடையவை. ஆனால் எனக்கும் அவை இல்லாமல் முடியாதுபோல் இருக்கிறது. அதனால் இரண்டாகப் பிரித்தேன். நன்றாக முட்டையிடுபவற்றை உன் பங்கில் வைத்திருக்கிறேன். டெஸ்மண்ட் வெள்ளிக்கிழமை ஆல்பனிக்கு ஆடு ஏற்றிக்கொண்டு வருகிறான், பெட்டிகள் அவன் பக்கத்து இருக்கையில் வரும். அவனை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடு. என்னைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறேன், அவன் சொல்லாமல் இருக்க மாட்டான்.

உங்கள் ஊர் குளிர். விளக்கை இரவும் பகலும் எரியவிடு. நோரீனுக்குச் சத்தம் ஆகாது, கொல்லைப்புறத்தில் வைத்துக்கொள். அங்கேயும் பல்லி, ஓணான் வளர்ப்பவர்கள் இருப்பார்கள், தேடி வருவார்கள்.

யாருக்கு விற்கிறாய் என்று இனி நான் கேட்க மாட்டேன். எதற்கு இத்தனை வாங்குகிறீர்கள் என்று அவர்களிடம் நீ கேள்.

உன்,
அம்மா