வலத்தோளில் முந்தானை

புது அச்சு மையின் வாசம் மூக்கில் ஏறினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சிவகாசி அச்சகத்தில் பிழை திருத்தியே ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வரும்? போன வாரம் உன் மகள் செல்வி நாரணாபுரத்திலிருந்து வந்து ஒரு சிடியை என் மேசையில் வைத்தாள். இளவயதில் சென்னைக்குப் போய் மாண்டலின் வாசித்ததாகச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாயே, அந்தப் பாப் பாட்டு இசைத்தட்டின் மறுபதிப்பு. உள்ளே மடித்து வைத்த குறிப்புத் தாளில்தான் அந்த வாசம்.

"மாண்டலின்னு வேற யாரு பேரோ போட்டுருக்கு பெரியப்பா. எங்க வீட்டுக்காரரு சிரிக்காக. 'ஒங்கப்பா நல்லாத்தான் கதை விட்டுருக்காரு'ங்காக. அப்பா பொய்யா சொன்னாக?"

"பாத்துச் சொல்றேம்மா" என்றேன். நேராகப் பதில் சொல்லும் தைரியம் எனக்கு என்றைக்கு இருந்தது?

அவள் போனபின் சிடியை ஓடவிட்டுத் தாளை வரிவரியாகப் படித்தேன். பத்துப் பாட்டு என்கிறது, ஒன்பதுதான் இருக்கிறது. மூன்றாம் பாட்டில் கேட்கும் மாண்டலினைச் சிதார் என்கிறது. இந்தத் தாளை நம்ப முடியாது. ஆனால் இரண்டு இடத்தில் தவறியவர் மூன்றாம் இடத்திலும் தவறியிருக்க வேண்டும் என்று சட்டமா? தாளைச் சந்தேகித்த கையோடு உன்னையும் சந்தேகித்தேன். அந்த இசைத்தட்டை நீ எங்களுக்குக் காட்டியதே இல்லை. கேட்டால், "ஆனைக்குட்டத்துக்காரன் ஒருத்தன் எரவல் வாங்கிட்டுப் போனாம்லே, போனவன் போனவந்தான்" என்பாய்.

தாளின் பின்பக்கம் ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த படம். நடுவில் பாடகி, ஓரத்தில் மாண்டலினோடு ஒருவர், முகம் இருட்டில். வலக்கையால் மீட்டுகிறார். நீயோ இடக்கைக்காரன். கல்யாண வீட்டுக் கச்சேரி மேடையில் பக்கத்தில் உட்கார்ந்தால் உன் முழங்கை என் விலாவில் இடிக்கும். "ஏலே, தள்ளி உக்காரு, இல்லன்னா ஒன்னையும் சேத்து வாசிச்சுருவேன்" என்பாய். ஆக, படத்தில் இருப்பது நீ இல்லை. தாளை மடித்து வைத்தேன்.

மறுநாள் மறுபடி பார்த்தபோது பாடகியின் முந்தானை உறுத்தியது. வலது தோளில் கிடந்தது. நம் பக்கம் யார் அப்படிக் கட்டுகிறார்கள்? நின்றிருந்தவர்களின் சட்டைப் பைகளும் வலப்பக்கமே. எங்கள் தொழிலில் நடப்பதுதான்: பிலிமைப் புரட்டி வைத்துவிட்டால் படம் இடம் வலமாக மாறி விழும்; எழுத்து இல்லாத படத்தில் யாருக்கும் தெரியாது.

முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றோடு நாரணாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். செல்வி வீட்டில், அவள் பார்க்கப் படத்தைக் கண்ணாடிக்கு எதிரே பிடித்தேன். முந்தானை இடத்தோளுக்கு வந்தது; மீட்டும் கை இடக்கை ஆனது.

"ஏங்க, இங்கன வாங்க! எங்கப்பாவப் பாருங்க!" என்று செல்வி கணவரைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். சிரிக்கவில்லை.

சென்னையில் வேறு இடக்கைக்காரரும் இருந்திருக்கலாம். கண்ணாடிக்குள்ளும் அந்த முகம் இருட்டில்தான் இருந்தது. அதை அவர்களிடம் நான் சொல்லவில்லை. கண்ணாடியை இன்னும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் திரிகிறேன். உன்னிடம் மட்டும் கேட்கிறேன்: அது நீதானலே?