ஸ்வெட்டர் போடக் கூடாத வேலை

ஜனவரி 16, 2003. வியாழன்

பொங்கல் போனதும் கல்யாண சீசன் மறுபடி ஆரம்பித்துவிட்டது. சுஷ்மா ஆண்ட்டி நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறாள். பஞ்சாபிக் கல்யாணங்களில் வாசலில் நின்று, வருகிறவர்களைக் கும்பிட்டு, பன்னீர் தெளித்துச் சிரிக்கிற பெண்களை அவள்தான் அனுப்புகிறாள். எட்டாவதோடு நின்றவளுக்கு இதுவே பெரிது என்று பக்கத்து வீட்டுத் தங்கம் அக்கா சேர்த்துவிட்டாள். பேச வேண்டாம், சிரித்தால் போதும். எனக்குப் பொருத்தம்தான் என்று நானும் நினைத்தேன்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஸ்வெட்டர் போட்டுக்கலாம்ல?"

"போட்டுக்கலாம்மா."

நானாகவே, புடவைதான், முழுக்கை ரவிக்கை என்றும் சேர்த்துச் சொன்னேன். அங்கே என்ன உடுத்தச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஜனவரி 17

லெஹங்காப் பாவாடை. மேலே போடுகிற சோளிக்கு முதுகில் துணியே இல்லை. இரண்டு கயிறு. சுஷ்மா ஆண்ட்டி என்னை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, முழங்காலை இடுப்பில் ஊன்றிக் கயிற்றை முடிந்தாள். அப்புறம் மூச்சை விட இடமில்லை. இரவு முழுக்க அரை மூச்சுதான் விட்டேன்.

முகத்துக்கு மட்டும் பூசினால் கழுத்து காட்டிக்கொடுக்குமாம். கழுத்து, கை, முதுகு எல்லாவற்றுக்கும் ஈர ஸ்பான்ஜால் வெள்ளை பூசினாள். "அரே மத்ராசி, உனக்கு ஒரு டப்பா பத்தாது!" மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்?

ஜனவரி 19

கண்ணாடியில் இருந்தவள் அழகாக இருந்தாள். அவளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதால்தான் என்று தோன்றியது.

ஜனவரி 21

இன்றைக்குப் பனியில் எதிர்ப்பக்கத்து விளக்கே தெரியவில்லை. பாண்டு வாசிக்கிறவர்களுக்குக் கோட்டு உண்டு. மாப்பிள்ளை ஏறிவந்த குதிரைக்குக்கூட மேலே ஜரிகைப் போர்வை. நாங்கள் நான்கு பேர் வெற்று முதுகோடு. ஷால் போட்டுக்கலாமா என்று ஒருத்தி கேட்டதற்கு, சுஷ்மா ஆண்ட்டி சொன்னது: "போர்த்திக்கிட்டு நிக்கவா உங்களைக் கூட்டி வந்தேன்? ஸ்மைல், ஸ்மைல்!"

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?" என்றாள். பன்னீர் என்றேன்.

ஜனவரி 24

எப்படி எழுதுவது.

அம்மா வேலை செய்கிற மயூர் விஹார் வீட்டு ருக்மிணி மாமி இன்றைய கல்யாணத்துக்கு வந்தாள். பேரக் குழந்தையைத் தூக்க அம்மாவையும் கூட்டி வந்திருந்தாள். மாமி என்னைப் பார்த்ததே கிடையாது. நேராக உள்ளே போனாள். அம்மா நின்றுவிட்டாள். அவ்வளவு வெள்ளைக்குள்ளும் கண்டுபிடித்துவிட்டாள்.

மாமியைத் திரும்பக் கூப்பிட்டு, குழந்தையைக் கொடுத்துவிட்டு, போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே வந்தாள். "என்னாடி இது கோலம்? உதடெல்லாம் நீலமா கெடக்கு. போடு இத."

சுஷ்மா ஆண்ட்டி ஓடி வந்தாள். "யே கௌன் ஹை? யார் இந்தப் பொம்பளை?"

என் அம்மா. இரண்டே வார்த்தை. வரவில்லை. "பதா நஹீ," தெரியாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா பக்கம் திரும்பி, "ஹட்டியே ஆண்ட்டி" என்றேன். தள்ளிப் போங்கள் என்று. பெற்றவளைப் பார்த்து — ஆண்ட்டி!

அம்மா ஸ்வெட்டரைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். ஒரு கை உள்பக்கமாகப் புரண்டிருந்தது. அதைச் சரிசெய்ய நேரம் ஆயிற்று. அதுவரை என் எதிரிலேயே நின்றாள். அப்புறம் உள்ளே போனாள்.

அடுத்து ஒரு கார் வந்தது. நான் கும்பிட்டேன். சிரித்தேன்.

ஜனவரி 25

காய்ச்சல். அம்மா வேலைக்குப் போகவில்லை. நேற்றைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. திட்டித் தொலைத்தால் என்ன? சாயங்காலம் எண்ணெய் சுடவைத்து எடுத்து வந்தாள். "திரும்பு."

காட்ட மாட்டேன் என்றேன். அவளே திருப்பினாள். கயிறு இறுக்கிய தடம் இரண்டும் இன்னும் எரிந்தன. அதன்மேல் மெதுவாகத் தடவினாள்.

"ஆண்ட்டி கை சூடா இருக்கா?"

நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். செத்துப்போகலாம் போல இருந்தது. அவள் தடவுவதை நிறுத்தவில்லை.

பிப்ரவரி 3

இருமல் நிற்கவில்லை. இருமுகிற பெண்ணை வாசலில் நிறுத்த முடியாது, வேறு ஆள் வைத்தாயிற்று என்று சுஷ்மா ஆண்ட்டி தங்கம் அக்காவிடம் சொல்லி அனுப்பினாள். எனக்கு அழுகை வந்தது. அந்தக் கயிறு போனதற்கு யாராவது அழுவார்களா? நான் அழுதேன். கண்ணாடியில் இருந்தவளை இனிமேல் பார்க்க முடியாதே என்றும் இருந்தது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது.

பிப்ரவரி 9

"நாளையிலேர்ந்து எங்கூட வா," என்றாள் அம்மா. "அங்க சிரிக்கக்கூட வேணாம்."

பிப்ரவரி 11

மாமி வீட்டில் நான் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நேற்று மாமி ஊரில் இல்லை. இன்றைக்குத்தான் என்னைப் பார்த்தாள். யாரோ புது ஆள் என்று நினைத்திருப்பாள். காப்பி டம்ளரோடு அடுக்களை வாசலில் நின்று கேட்டாள்.

"சந்திரம்மா, கேக்கணும்னே இருந்தேன். அன்னிக்குக் கல்யாணத்துல ஒரு பொண்ணுக்கு ஸ்வெட்டரைக் கழட்டிக் குடுக்கப் போனியே. அவ உன்னை விரட்டினாளே, அந்தச் செவப்புப் பொண்ணு. யாரு அவ?"

என் கை நின்றுவிட்டது. 'தெரியாதும்மா' என்று அம்மா சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது எனக்குச் சரியான கூலியாகவும் இருந்திருக்கும்.

அம்மா குழாயை மூடிவிட்டு, சோப்பு நுரையோடு கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

"இவதாம்மா அது. எம் பொண்ணு."

மாமி என்னையே பார்த்தாள். நான் நிமிரவில்லை. அம்மா குழாயைத் திறந்துகொண்டே இன்னொன்றும் கேட்டாள்.

"அழகா இருந்தாள்ல?"