பனியை உருக்கும் பசி

ஜூலை 3, 09:10
தென்துருவ உயிர்வேதியியல் கூடம். குளிர்காலப் பணியில் இருவர்: நான் கோமளவல்லி, சக ஆய்வாளன் ஜெபசிங். ஆழ்பனியில் எடுத்த நுண்ணுயிர் நன்றாக வளர்கிறது. தின்ற சர்க்கரையைச் செல்லுக்கு உழைக்கும் சக்தியாக, அதாவது ஏடிபியாக, மாற்றுவது மிகக் கொஞ்சம். மீதி முழுவதையும் வெப்பமாக்கிச் சுற்றியுள்ள பனியை உருக்குகிறது. கெட்டிக்காரப் பயல். இந்தக் குளிரில் இட்லி மாவு புளிக்காது என்று ஜெபசிங் மாவுத் தூக்கையும் நுண்ணுயிர் வளரும் அதே கதகதப்பான பெட்டியில் வைத்துவிட்டான். விதிப்படி தவறு. இட்லி பிரமாதம்.

ஜூலை 6, 14:30
ஜெபசிங்குக்குக் காய்ச்சல், 39.6 டிகிரி செல்சியஸ். மூன்று ஆள் சோறு தின்கிறான். நான்கு கிலோ இறங்கிவிட்டான். மாவைச் சோதித்தேன். நம் நுண்ணுயிர் அதில் இருக்கிறது. இட்லியை நானும்தான் தின்றேன், ஆவியில் வெந்து அது செத்திருக்கும். உப்புப் பார்க்கப் பச்சை மாவை நக்கியவன் அவன் மட்டும். படித்த மனிதன்! இதைப் படிப்பவருக்கு: தூக்கைத் திறக்காதீர்கள்.

ஜூலை 8, 11:05
அது விடும் நச்சு அவன் செல்களில் சக்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியாவை ஓட்டையாக்கிவிட்டது. அணை உடைந்தால் தண்ணீர் ஓடும், மின்சாரம் வராது. அதே கதைதான். சோறு போட்டால் சூடு ஏறுகிறது. போடாவிட்டால் தன் தசையையே எரிக்கிறான். ஆன்டிபயாடிக் எதற்கும் மசியவில்லை.
தலைமையகம்: "மேடம், புயல் நிக்காம விமானம் எடுக்க முடியாது. அதுவரைக்கும் சாப்பாடு குடுக்காதீங்க."
சொல்கிறவர்களுக்கு என்ன.

ஜூலை 9, 16:40
சட்டையில்லாமல் வெளியே பனியில் உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்த இடம் குழியாகிவிட்டது. 40.7. வாக்கிடாக்கியில் அவன் குரல்: "பசிக்குக்கா. ஒரு வாய் கஞ்சி தாங்களேன். கும்பிடுதேன்."
செல் எப்படிச் சக்தி செய்கிறது என்று பதினோரு வருடம் படித்தேன். அவனுடைய ஒரு செல்லுக்குக்கூடச் சொல்லித்தர முடியவில்லை. வாக்கிடாக்கியை அணைத்துவிட்டேன். பாவி நான்.

ஜூலை 10
நேரம் பார்க்கவில்லை. தலைமையகம்: "இன்னும் நாலு நாள் ஆகும் மேடம்."
பட்டினி போட்டால் இரண்டு நாள் தாங்குவான். சாப்பிட்டால் சில மணி நேரம். அவனுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டான். "வெறும் வயித்தோட வேண்டாம்க்கா."

அழுதேன். சோறு வடித்தேன். பருப்பு, நெய், இருந்ததெல்லாம்.

உள்ளே கூட்டிவந்து ஊட்டுகிறேன். கை தூக்க அவனிடம் சக்தி இல்லை. "நீங்க சாப்டியளா?" என்று கேட்கிறான். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

41.4.
ருசித்துத் தின்கிறான்.

41.9. மறுசோறு கேட்கிறான்.
போடுகிறேன்